மூன்று மலை, ஏழு இடி

மயிலாப்பூரில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, மாதாமாதம் கட்டுகிற சீட்டு. மற்றொன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடுகிற சீட்டு. முன்னதைக் கட்டியவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். பின்னதை ஆடியவர்கள் அந்தக் கல்யாணத்துக்கு வந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 1872-ல் இந்து பெர்மனென்ட் பண்டு ஆரம்பித்த பேட்டை அல்லவா? காசைச் சேர்த்துவைப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரையாக ஒரு பிடிப்பு உண்டு. அதைத் தொலைத்தவர்களைப் பற்றிய கதைகளையும் அதே பிடிப்புடன் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை சித்தப்பாவினுடையது. நல்ல மனிதர், வாய் ஓயாமல் சிரிக்கவைப்பார். மாம்பலத்தில் ஒரு மன்றத்தில் சாயங்காலம் ரம்மி ஆடப் போவார். ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அடுத்த நாள் சித்தியின் வளையல்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார். "இதுதான் கடைசி, இன்றைக்கு எடுத்துவிடுகிறேன்" என்று அவர் சொன்னதை, கூடத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த என் தங்கை கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. வளையல் திரும்பவில்லை. சீட்டுக்கட்டைக் கண்டாலே அவள் முகம் மாறுகிறதென்றால் அதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இப்பேர்ப்பட்டவளுடைய பிள்ளை, பதினாறு வயதுப் பையன், சென்ற கோடை விடுமுறையில் சீட்டாட ஆரம்பித்தான்.

உடனே ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். இது 'மேஜிக்: தி கேதரிங்' என்று பெயர் கொண்ட ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் கண்டுபிடித்தது, 1993-ல் வெளிவந்தது. வழக்கமான சீட்டில் ஐம்பத்திரண்டு அட்டைகள். உங்களுக்கும் அவைதாம், எதிராளிக்கும் அவைதாம். இந்த ஆட்டத்திலோ இதுவரை அச்சான அட்டைகள் இருபத்தையாயிரம் வகைக்கு மேல். அவற்றிலிருந்து நீங்களே பொறுக்கி, குறைந்தது அறுபது அட்டை கொண்ட ஒரு கட்டைத் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். அடிப்படை நில அட்டைகள் தவிர, ஒரே அட்டை நான்குக்கு மேல் கூடாது. எதிராளி அவனுடைய கட்டோடு வருவான். இருவருக்கும் இருபது உயிர். முதலில் யாருடைய உயிர் பூஜ்யமாகிறதோ அவர் தோற்றார். ஆட்டத்தில் பாதி, மேஜைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் தரையில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

அட்டையை இறக்கச் சக்தி வேண்டும். அதற்கு 'மானா' என்று பெயர். அதைத் தருவது நில அட்டைகள்: மலை, காடு, தீவு, சமவெளி, சதுப்பு என்று ஐந்து வகை. ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். சிவப்பு அட்டைகளுக்கு மலை வேண்டும். பச்சைக்குக் காடு வேண்டும். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். மிச்ச விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

பையனுக்கு இந்தப் பித்து பிடித்தது நியூஜெர்ஸியிலிருந்து வந்த பெரியப்பா பிள்ளையால். அவன் மூன்று உறைகளைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தான். இந்த அட்டைகளைக் கம்பெனிக்காரர்கள் ஒட்டிய உறையில் போட்டு விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் 'சாதாரணம்', சில, அதற்கு ஒரு படி மேல், வழக்கமாக ஒன்றே ஒன்று 'அபூர்வம்'. அட்டையில் உள்ள சின்னத்தின் நிறத்தைக் கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு என்றால் சாதாரணம். தங்க நிறம் என்றால் அபூர்வம். மூன்றாவது உறையில் பையனுக்கு ஒரு சிவப்பு டிராகன் வந்தது. தங்கச் சின்னம்! சிறகை விரித்து, வாயில் நெருப்போடு, பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது.

லாட்டரியில் முதல் சீட்டிலேயே பரிசு விழுந்தவனை எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒருவனைத் தெரிந்திருக்கும். பையன் பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் சேர்ந்த பணத்தில் இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு ஐந்து உறை வாங்கினான். பிரித்தான். ஐந்து அபூர்வங்களும் வந்தன; ஆனால் யாரும் சீந்தாத அபூர்வங்கள். ஐந்தையும் சேர்த்து விற்றால் இருநூறு ரூபாய் தேறாது.

விஷயம் என் தங்கைக்குத் தெரிந்தது. அவள் கூச்சல் போடவில்லை. எனக்குப் போன் செய்து, "அண்ணா, சித்தப்பா நம் வீட்டுக்கே வந்துவிட்டார்" என்றாள். தி. நகரிலிருந்து சித்திரக்குளம் ஒன்றும் தூரமில்லை; அன்று சாயங்காலமே போனேன்.

அவளுடைய பயத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த மாநிலத்தில் லாட்டரியை 2003-ல் தடை செய்தார்கள். ஆனால் ஆசை வேறு வேஷத்தில் செல்போனுக்குள் புகுந்துகொண்டது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரையும் விட்டவர்களின் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. சூதாட்டத் தடை மசோதாவைச் சட்டசபை 2022 அக்டோபரில் ஒரு தடவையும் 2023 மார்ச்சில் மறு தடவையும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தது. அவள் வேலை பார்ப்பது வங்கியில். கணக்கில் சம்பளம் விழுந்த அன்றே இருநூறும் ஐந்நூறுமாகக் கரைந்துபோவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"இது ரம்மி இல்லை அம்மா, மூளையால் ஆடுகிற ஆட்டம்" என்றான் பையன்.

"ரம்மியும் அப்படித்தான் என்று சித்தப்பா சொன்னார்" என்றாள் அவள்.

சித்தப்பா சொன்னது வாஸ்தவம்தான். ரம்மியில் பெரும் பங்கு திறமைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே 1968-ல் ஓர் ஆந்திர வழக்கில் சொல்லியிருக்கிறது. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்பது நீதிபதிகள் காட்டிய காரணம். திறமை ஆட்டத்திலும் வளையல் போகும் என்பது என் தங்கையின் அனுபவம். இரண்டும் உண்மை.

நான் பையனைக் கேட்டேன்: "ஏண்டா, உறையே வாங்காமல் இந்த ஆட்டம் ஆட முடியாதா?"

முடியுமாம்! உதிரியாக, இன்ன அட்டை வேண்டும் என்று கேட்டே வாங்கலாம். அதைவிட ஆச்சரியம், சாதாரண அட்டைகளை மட்டுமே வைத்து ஆடுகிற ஒரு பிரிவே இருக்கிறது. அதற்குப் பெயர் 'பாப்பர்'. நம் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போய் வந்த குடும்பங்களில் இந்த வார்த்தை தெரியாதவர்கள் இல்லை. "பாப்பர் ஆகிவிட்டான்" என்றால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். 2019-ல் கம்பெனியே இதை நேரில் ஆடும் பந்தயங்களுக்கும் அதிகாரபூர்வமான பிரிவாக அங்கீகரித்தது. ஒரே ஒரு பிரதி அச்சிட்ட மோதிர அட்டை ஒன்றை 2023-ல் போஸ்ட் மலோன் என்ற அமெரிக்கப் பாடகர் இருபது லட்சம் டாலருக்குக் குறையாத விலை கொடுத்து வாங்கினாராம். அதே ஆட்டத்தில், பாப்பர் மேஜைக்கு வந்தால், அந்த மோதிரத்துக்கு இடமில்லை. கறுப்புச் சின்னத்தோடு ஒரு தடவையாவது அச்சானதுதான் உள்ளே வரலாம்.

என் தங்கை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்பந்தம் ஒன்று போட்டாள். மாதம் ஐந்நூறு ரூபாய். உறை ஒன்றுகூட வாங்கக் கூடாது. வாங்குகிற ஒவ்வோர் அட்டைக்கும் கணக்கு எழுத வேண்டும். ஆடுகிற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம் என்று எழுத வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் தணிக்கை. கணக்கு உதைத்தால் அட்டைகள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போகும். "அந்த டிராகனும்தான்" என்று சேர்த்துக்கொண்டாள். அவள் சொன்னால் செய்வாள். பையனுக்கும் அது தெரியும், முகம் வெளுத்துவிட்டது.

கணக்கு எழுத ஒரு நீள நோட்டு வாங்கினோம். அட்டை வைக்கத் தோல் பெட்டி ஒன்று ஆயிரத்து இருநூறு ரூபாயாம்! ரங்கநாதன் தெருவில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் அறுபது அட்டையும் உறை போட்ட மேனிக்குக் கச்சிதமாக அடங்கிவிட்டன.

ஆட்டம் நடப்பது அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறு மத்தியானம். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் கஸ்தூர்பா நகர், இறங்கி நடந்துவிடலாம். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். கல்லூரிப் பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், ஒரு பல் டாக்டர். பல் டாக்டருக்கு என் வயது இருக்கும். பணம் வைத்து ஆடுவதில்லை என்பதை நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மின்விசிறிக்குக் கீழே உள்ள மேஜைக்குத்தான் போட்டி. ஏனென்றால் அங்கே அட்டை பறக்கும், ஆனால் வேர்க்காது.

பையனுடைய முதல் கட்டில் எழுபத்திரண்டு அட்டைகள். சிவப்பும் பச்சையும் கலந்தது. பதினாலு மலை, பதினாலு காடு. டிராகன் நடுநாயகமாக இருந்தது. பாப்பர் விதிப்படி அதற்கு இடமில்லை என்றாலும், புதுப் பையன் என்று அன்றைக்கு அனுமதித்தார்கள். ஐந்து ஆட்டம் ஆடினான். ஐந்தும் தோற்றான். கையில் காடு இருக்கும்போது அட்டைகள் மலையைக் கேட்டன. மலை வந்தபோது பச்சை அட்டைகளாக வந்து உட்கார்ந்தன. டிராகன் ஒரே ஒரு தடவை கைக்கு வந்தது. அதை இறக்க ஆறு நிலம் வேண்டும். நாலாவது நிலம் இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"ஏன் எழுபத்திரண்டு?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"எல்லாமே நல்ல அட்டை சார். எதை எடுக்கிறதென்று தெரியவில்லை."

பல் டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது அன்றாடக் கஷ்டம். ஏழாவது அத்தியாயத்தில் அழகான ஒரு பாத்திரம் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும். பேச்சும் நன்றாக இருக்கும். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இராது. ஆனாலும் "எழுந்து போ" என்று சொல்ல மனம் வராது.

அன்று ராத்திரி வீட்டுக் கூடத்தில் அட்டைகளைப் பரப்பினோம். முதலில் கணக்கு. நான்கு பிரதி உள்ள ஓர் அட்டை, முதலில் எடுக்கும் ஏழில் ஒன்றாவது வந்து சேர, அறுபது அட்டைக் கட்டில் நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு. எழுபத்திரண்டு அட்டைக் கட்டில் அது முப்பத்துநாலாகிவிடுகிறது. கூடுதலான பன்னிரண்டும், நல்லவையாகவே இருந்தாலும், உள்ளதில் மிக நல்லதன் வழியை மறித்துக்கொண்டு நிற்கின்றன. பையன் முதலில் பச்சை முழுவதையும் எடுத்தான். அது சுலபம். மீதி சிவப்பு. சிவப்பில் மலிவாகக் கிடைப்பது இடியும் நெருப்பும்.

'லைட்னிங் போல்ட்' என்று ஓர் அட்டை. 1993-ல் வந்த முதல் வெளியீட்டிலேயே உண்டு. அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஆட்டத்தின் செல்லப்பிள்ளை. ஒரே ஒரு மானா செலவழித்து எதிராளிக்கு மூன்று அடி கொடுக்கும். 'லாவா ஸ்பைக்'கும் அப்படித்தான். ஆனால் எதிராளியை நேராகத்தான் அடிக்கும், அவன் இறக்கிய ஜந்துக்களை அடிக்காது. 'ரிஃப்ட் போல்ட்' இன்னொன்று. அதை இன்றைக்கு ஒரு மானா கொடுத்துச் சொல்லிவைத்தால், பால்காரர் மாதிரி, அடுத்த முறை வந்து மூன்று அடி கொடுக்கும். எதிராளிக்கு உயிர் இருபது. மூவேழு இருபத்தொன்று. ஆக ஏழு இடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

இங்கேதான் பையன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். (உலகத்தில் ஏற்கெனவே பல பேர் கண்டுபிடித்ததுதான், ஆனால் சித்திரக்குளத்தில் அவன்தான் முதல்.) முதலில் ஆடுகிறவன் நாலாவது முறைக்கு வரும்போது மொத்தம் பத்து அட்டை பார்த்திருப்பான். கட்டில் அறுபதுக்குப் பதினெட்டு மலை வைத்தால், பத்துக்குச் சராசரி மூன்று மலை. மீதி ஏழு இடி! முதல் முறை ஒரு மானா, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மறுபடி மூன்று, கூட்டினால் ஒன்பது. ஏழு இடிக்கு ஏழு போதும். மூன்று மலை, ஏழு இடி, நாலு முறை. நோட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டம் போட்டான்.

ஒரு மானாவுக்கு மூன்று அடி கொடுக்கிற அட்டை நாற்பத்திரண்டு எங்கே கிடைக்கும்? கிடைக்காது. பதினாறு, இருபது தேறும். மிச்சத்துக்கு இரண்டு மானா கேட்கிறவற்றையும், இரண்டு அடியே கொடுக்கிறவற்றையும் வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். சராசரி என்பதும் சராசரிதானே. பத்தில் மூன்று மலை என்பது ஒரு நாள் ஒன்றாகும், மறுநாள் ஆறாகும். ஆனாலும் ஒரு லட்சியக் கை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், எந்த அட்டை அதற்கு உதவும், எது உதவாது என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது.

டிராகனைப் பற்றி அதற்கப்புறம் விவாதமே இல்லை. பத்துக்கு மூன்று மலை என்றால், ஆறு மலைக்கு இருபது அட்டை பார்க்க வேண்டும். இரண்டாவதாக ஆடுகிறவனுக்கு அது பதின்மூன்றாவது முறை. பையன் அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாவம், மாமா" என்றான். அடுத்த ஞாயிறு பல் டாக்டர் அதற்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்தார். கூடவே, பழைய மலை அட்டைகள் பதினெட்டை இலவசமாகவே கொடுத்துவிட்டார். அவரிடம் மலைகள் பெட்டி பெட்டியாக இருந்தனவாம். மகாபலி மாதிரி தாராளம்! ஆயிரத்து அறுநூறையும் பையன் வரவில் எழுதினான். என் தங்கை அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

உறவினர்கள் இதற்குள் சும்மா இருப்பார்களா? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, சென்னையில் பதினாறு வயதுப் பையன் எதை ஆடினாலும், "ஏன், செஸ் ஆடக் கூடாதோ?" என்று கேட்க ஒருவர் தயாராக இருக்கிறார். செஸ் உயர்ந்த ஆட்டம்தான், யார் மறுத்தது? ஆனால் செஸ்ஸில் எட்டுச் சிப்பாயும் தன் இடத்தில் நின்றுகொண்டிருக்கும். மாதச் சம்பளம் போல எது வரும், எது வராது என்று தெரியாத நிலையில் குடித்தனம் நடத்தும் வித்தை அதில் இல்லை.

மலையின் எண்ணிக்கையில்தான் பையன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். முதலில் இருபது வைத்துப் பார்த்தான். ஆட்டத்தின் கடைசியில், ஒரே ஓர் இடி வேண்டியபோது, மலைமேல் மலையாக வந்தது. கோபத்தில் பதினாறாக்கினான், இப்போது ஒற்றை மலையோடு, கை நிறைய இடியை வைத்துக்கொண்டு, பரிதாபமாக உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் வந்து, கால்குலேட்டரில் தட்டிக் காண்பித்தான். முதல் ஏழில் ஒரு மலையோ, மலையே இல்லாமலோ வருவதற்கு, இருபது மலை வைத்தால் நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு, பதினெட்டு வைத்தால் முப்பத்தொன்று, பதினாறானால் முப்பத்தொன்பது. கை மோசமென்றால் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி ஏழு எடுக்கலாம். ஆனால் அபராதமாக அதில் ஒன்றைக் கட்டின் அடியில் தள்ள வேண்டும். இந்த அபராதத்தை எத்தனை தடவை கட்ட முடியும் என்பதுதான் கேள்வி. பதினெட்டுக்கே திரும்பி வந்தான். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலும், முதல் தடவை பதினெட்டு என்று எழுதியது ஊகம். இந்தத் தடவை எழுதியது ஆடிப் பார்த்தது.

தணிக்கை தீபாவளிக்கு முதல் நாள் என்றாலும், என் தங்கை நடுவிலேயே ஒரு நாள் நோட்டைக் கேட்டாள். புரட்டாசி மாதம், கூடத்தில் கொலுப்படியை அடுக்கிக்கொண்டே, இடையிடையே ஒரு பக்கம் படித்தாள். பிறகு படியை விட்டுவிட்டு உட்கார்ந்தே படித்தாள். முப்பத்தாறு ஆட்டம், இருபது தோல்வி. பையன் ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு மிச்சமிருந்த உயிரை எழுதியிருந்தான்.

"இதைப் பார்த்தாயா அண்ணா? இருபதில் ஒன்பது தோல்வியில் எதிராளிக்கு மூன்றோ நாலோதான் பாக்கி. இன்னும் ஒரு தவணை கட்டியிருந்தால் கடன் தீர்ந்திருக்கும்" என்றாள். பிறகு பையனைப் பார்த்து, "அப்போது உன் கையில் என்ன இருந்தது?" என்று கேட்டாள். அதையும் அவன் எழுதிவைத்திருந்தான். ஒன்பதில் ஐந்தில், கையில் இரண்டு 'ஃபயர்பிளாஸ்ட்'.

இந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997-ல் வந்தது. நியாயமாக இதற்கு ஆறு மானா வேண்டும். ஆனால் ஒரு சலுகை இருக்கிறது. மேஜையில் இருக்கும் இரண்டு மலையைப் பலி கொடுத்துவிட்டால் மானாவே வேண்டாம். இனாமாக நாலு அடி விழும். மலை போனால் போனதுதான். அடுத்த முறைக்கு மானா இராது. ஆகவே இதைப் போடுவது கடைசி நிமிஷத்தில்தான், எதிராளியின் உயிர் நாலு, அல்லது அதற்குக் கீழே என்று நிச்சயமான பிறகு. மலிவுக் கட்டுக்காரனின் பிரம்மாஸ்திரம் இது. பையன் நாலு வைத்திருந்தான்.

"மேஜையில் மூன்று மலை இருந்தால் இதை ஒரு தடவைதான் போட முடியும். இரண்டாவது கையிலேயே செத்துக் கிடக்கிறது. அதற்குப் பதில் ஒரு சின்ன இடி இருந்திருந்தால்?" என்றாள். பையன் கணக்குப் பார்த்தான். நாலு பிரதி இருந்தால், பார்க்கிற பத்து அட்டையில் இரண்டோ மேலோ வந்து சேர நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வாய்ப்பு. இரண்டே பிரதி இருந்தால் இரண்டு மூன்றுதான்.

"இரண்டு போதும்" என்றாள்.

"ஆனால் இரண்டே வைத்தால் ஒன்றுகூட வராமல் போகும் அம்மா. நாலு இருந்தால் பாதிக்கு மேல் வருகிறது. இரண்டு என்றால் நூற்றுக்கு முப்பதுதான்."

"வராவிட்டால் என்ன? அது இல்லாமல் ஜெயிக்கப் பழகு. கையிலிருக்கிற இரண்டையும் வைத்துவிட்டு, இதுதான் கடைசி என்று ஆடுகிற அட்டை எனக்குப் பிடிக்கவில்லை."

பையனுக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சித்தப்பா மன்றத்திலிருந்து திரும்பி வந்த ராத்திரி, சித்தி கையில் வளையல் இல்லாமல் சாதம் போட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. தங்கையும் மேலே பேசாமல், தசாவதாரப் பொம்மைகளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

பையன் மூன்று என்று முடிவு செய்தான். அம்மாவின் சொல்லுக்கு ஒன்று, அவன் கணக்குக்கு ஒன்று விட்டுக்கொடுத்து வந்த சமரசம் அது. இரண்டோ மேலோ வர நூற்றுக்கு ஏழு. ஒன்றாவது வர நாற்பத்துமூன்று. மூன்று என்பது கோழைத்தனமான எண் என்று பல் டாக்டர் அபிப்பிராயப்பட்டாராம். எனக்கென்னவோ, குடும்பத்தில் நடக்கிற நல்ல காரியங்களில் பாதி இப்படிப்பட்ட எண்ணில்தான் முடிகிறது என்று தோன்றியது. விட்டுப்போன நாலாவது இடத்துக்கு முப்பது ரூபாயில் ஒரு சின்ன இடி வந்து சேர்ந்தது.

கட்டுக்கு வெளியே பதினைந்து அட்டை தனியாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஆட்டம் முடிந்ததும் எதிராளியைப் பார்த்து மாற்றிப் போடலாம். உயிரைக் கூட்டிக்கொண்டே போகிற கட்டுக்காரர்கள் வந்தால் நம் பையன் பாடு திண்டாட்டம்தான். மூவேழு இருபத்தொன்று என்ற கணக்கு அங்கே செல்லாது. அதற்கும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறான். இன்னும் அகப்படவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள், எண்ணெய் காய்ச்சி இறக்கிய கையோடு, தணிக்கை நடந்தது. மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதப் பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. டிராகன் விற்ற வரவு ஆயிரத்து அறுநூறு. செலவு: அட்டைகள், பிளாஸ்டிக் உறைகள், டப்பா, ரயில் டிக்கெட், ஒரு நாள் சமோசா. ஒட்டிய உறை வாங்கினதாக ஒரு வரி இல்லை. கையிருப்பு இருநூற்று முப்பத்தைந்து ரூபாய். அதை எண்ணிப் பார்த்து, சரி என்று நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். சமோசாவுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பழைய பேப்பர்காரர் அந்த வாரம் வந்துவிட்டுத் தினசரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு, மழையில் நனைந்துகொண்டு பையன் அடையாற்றிலிருந்து திரும்பி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சட்டை சொட்டச் சொட்ட இருந்தது. டப்பாவை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஐந்து ஆட்டத்தில் மூன்று வெற்றி. துண்டை அவன் தலையில் போட்டுவிட்டு, என் தங்கை மூக்குக் கண்ணாடியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"தோற்ற இரண்டைச் சொல்லு. மேஜையில் மலை எத்தனை?" என்றாள்.